கைமருந்துக்குக் காசு கேட்கலாமா?

அன்புள்ள அக்கா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன், வயது 34. முன்பு தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்தோம், இப்போது டவுனுக்கு வெளியே ஒரு தாமான் (வீடமைப்புப் பகுதி). மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, மகளுக்கு மூன்று வயது. வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. மாமியார் எங்கள் தோட்டத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கை. அவரிடம் கற்றுக்கொண்டு 14 மாதமாக நானும் வீடு வீடாகப் போய் இதைச் செய்கிறேன். ஒரு தடவைக்கு 50 வெள்ளி (ரிங்கிட்). மாதம் 22 தடவை போகிறேன், அதில் ஆறு தடவை காசு வருவதில்லை, நானும் கேட்பதில்லை. கைமருந்துக்குக் காசு வாங்கினால் பலிக்காது என்கிறார் மாமியார். இதில் என்னதான் மிஞ்சுகிறது என்கிறார் வீட்டுக்காரர். போன வாரம் மகன், "அம்மா, நீங்க எப்பப் பாத்தாலும் யாரு வீட்டுப் பாப்பாவையோ குளிப்பாட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றான். இந்த வேலையை விட எனக்கு மனமில்லை. 20,000 வெள்ளி கடன் எடுத்து டவுனில் ஒரு கடைவீட்டில் ஸ்பா மாதிரி வைக்கலாமா? லேகியமும் தைலமும் போத்தலில் போட்டு டிக்டாக்கில் விற்கலாமா? பெயர் என்ன வைப்பது?

தங்கச்சி,

பெயர், கடன், லேகியம் எல்லாம் அப்புறம். முதலில் மகள் தூங்கும் நேரமாகப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள்.

22 தடவையில் 16 தடவைக்குக் காசு வருகிறது, 800 வெள்ளி. செலவு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் என் கணக்கையே போடுகிறேன். நல்லெண்ணெய், தண்ணீரில் போடும் நொச்சி, வேப்பிலை, மஞ்சள், கேஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் ஒரு தடவைக்கு 20 வெள்ளிக்குக் குறையாது, காசு கொடுக்காதவர் வீட்டிலும் எண்ணெய் அதே அளவுதான் இறங்கும். ஆக 22 தடவைக்கு 440 வெள்ளி போய் மிச்சம் 360. இனி நேரம். காலையில் இலை அவிக்க அரை மணி, போக வர ஒரு மணி, அங்கே தாயும் பிள்ளையுமாக இரண்டு மணி என்று தடவைக்கு மூன்றரை மணி, மாதத்துக்கு 77 மணி. 360-ஐ 77-ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 4 வெள்ளி 68 காசு வரும். 2025-இல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது, மணிக்குப் பார்த்தால் 8 வெள்ளி 72 காசு. நாசி லெமாக் கடையில் தட்டுக் கழுவினாலும் உங்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்கலாம்.

இன்னும் முடியவில்லை. அந்த 77 மணி நேரமும் உங்கள் மகளைப் பார்த்துக்கொண்டவர் மாமியார்தானே? அவருக்கு மணிக்கு 4 வெள்ளி போட்டால்கூட 308 ஆகிறது. மிஞ்சுவது 52 வெள்ளி. ஒரு மாதத்துக்கு.

வீட்டுக்காரர் குத்தலாகக் கேட்டாரோ அக்கறையாகக் கேட்டாரோ எனக்குத் தெரியாது, கேட்டது நியாயமான கேள்வி.

மாமியாருக்கு எதற்குச் சம்பளம் போட்டேன் என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். என் அம்மா தோட்டத்தில் ஆயாவாக இருந்தவர். ரப்பர் பால் விடியற்காலையில்தான் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற வற்றிவிடும், அதனால் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு முன்பே, இருட்டோடு இருட்டாக, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆயாக்கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும், எந்தத் தூளி எந்தப் பிள்ளைக்கு என்று சேலையின் நிறத்தை வைத்தே அம்மா சொல்லிவிடுவார். நானும் அதில் ஒன்றில் தூங்கியவள்தான். கிராணி எழுதும் சம்பளப் பட்டியலான செக்ரோலில் பால்வெட்டுக்காரர்களோடு என் அம்மாவின் பெயரும் இருக்கும், சம்பள நாளில் அவருக்கும் கவர் வரும். துரைக்குப் பிள்ளைகள் மேல் பாசம் பொங்கியா கொட்டகை கட்டினார்? ஆயா இல்லாவிட்டால் பெண்கள் மரத்துக்குப் போகமாட்டார்கள், பால் வராது, அவ்வளவுதான். 1990-ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் சட்டத்திலும் தோட்டங்களுக்குக் குழந்தைக் காப்பகம் சேர்க்கப்பட்டிருக்கிறது. தோட்டத்தைவிட்டு நாம் தாமானுக்கு வந்தோம். ஆயா வேலையும் கூடவே வந்துவிட்டது, செக்ரோல் மட்டும் வரவில்லை. இப்போது அதற்குப் பெயர் "மாமியார் பாத்துக்கிறாங்க".

அதனால் உங்கள் தொழிலின் செலவில் முதல் வரி ஆயா சம்பளம். மாதம் 300 வெள்ளி, மாமியார் கையில், தேதி தவறாமல். வேண்டாம் என்பார், பேத்தியைப் பார்க்கக் காசா என்று கோபித்துக்கொள்ளவும் செய்வார், இருந்தாலும் கொடுங்கள். அவருக்கு முடியாத நாளில் பக்கத்து வீட்டு அக்காவை உட்காரவைக்க வேண்டி வந்தால் கொடுப்பதற்குக் காசு அந்த வரியில் இருக்கும்.

கைமருந்துக்குக் காசு வாங்கினால் பலிக்காது என்ற பேச்சுக்கு வருவோம். இதை நானும் கேட்டிருக்கிறேன், என் அம்மாவே சொல்வார். மாமியாரோடு சண்டை போடாதீர்கள், பசியாறும்போது மெதுவாகக் கதை கேளுங்கள். அந்தக் காலத்தில் குளிப்பாட்டி முடித்ததும் என்ன கொடுப்பார்கள் என்று கேளுங்கள். வெற்றிலை பாக்கோடு தட்டில் ஏதாவது வைத்திருப்பார்கள், பதினாறாம் நாள் ஒரு சேலை, சில வீட்டில் கோழி, சில வீட்டில் அரிசி, தீபாவளிக்குத் தனியாக ஒரு மரியாதை. அதெல்லாம் கூலி இல்லாமல் என்ன? காசு என்ற பெயரில் வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் அவர் நடந்தது பத்து வீடு தள்ளி, பெட்ரோல் கிடையாது. நூறு குடும்பம் உள்ள தோட்டத்தில் மாதம் எத்தனை பிரசவம் நடந்துவிடும்? ஒன்றோ இரண்டோ. காலையில் தோட்டத்து வேலைக்குப் போய்ச் சம்பளமும் வாங்கிக்கொண்டு, ஊர்க்காரிக்குச் செய்கிற உதவியாக அதைச் செய்தார். நீங்கள் மாதம் 22 தடவை, முன்பின் தெரியாத தாமானுக்கெல்லாம் போகிறீர்கள். அது அவர் செய்த வேலை இல்லை, தங்கச்சி. கை மட்டும்தான் அதே கை.

விலைக்கு வருகிறேன். 120 வெள்ளி வாங்குங்கள். மூச்சை இழுத்துப் பிடிப்பீர்கள் என்று தெரியும், ஈப்போவில் இதற்கு மேலேயே வாங்குகிறார்கள். 2023 முதல் தனியார் துறையிலும் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது, ஃபேக்டரியில் வேலை செய்யும் பெண்ணும் இப்போது சம்பளத்தோடு பத்தியம் முடியும்வரை வீட்டில் இருக்கிறாள், அவளால் கொடுக்க முடியும். மாதம் 14 தடவை காசுக்கு. அது போக, மாதம் ஒரு தாய்க்கு ஐந்து நாள் முழுக்க இலவசம். இந்தக் கணக்கைப் போட்டால் வருவது 1,680 வெள்ளி, 19 தடவைக்குச் சாமான் செலவு 380, ஆயா சம்பளம் 300, உங்கள் கையில் 1,000 வெள்ளி. மணிக்கு 15 வெள்ளி. இப்போதைவிட மூன்று தடவை குறைவாகத்தான் வீட்டைவிட்டுப் போகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள்.

அந்த இலவசத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். இப்போது ஆறு தடவை இலவசமாகப் போகிறது என்கிறீர்களே, அது யாருக்குப் போகிறது? எனக்குத் தெரிந்து, கேட்கக் கூச்சப்படுகிற வீட்டுக்குப் போகாது. "அப்புறம் தரேன்" என்று வாய் கூசாமல் சொல்கிற வீட்டுக்குத்தான் போகும், அந்த வீட்டு வாசலில் புதுக் கார் நிற்கும். எதற்காக இந்த வேலையில் இறங்கினீர்களோ, அந்தத் தாய் செம்பனைத் தோட்டத்து உள்ளே, பஸ் போகாத இடத்தில் இருப்பாள், உங்கள் நம்பரே அவளிடம் இருக்காது. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த தாயைப் பார்க்க அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி (நர்ஸ்) முதல் பத்து நாளில் பல தடவை போவார். அவரைப் போய்ப் பாருங்கள். யார் வீடு, என்ன நிலைமை என்று அவர் உங்களிடம் சொல்லக்கூடாது, நீங்களும் கேட்கக்கூடாது. ஆனால் உங்கள் நம்பரை அந்தத் தாயிடம் அவர் கொடுக்கலாம். காசுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் 10 வெள்ளியை ஒரு மைலோ டின்னில் போட்டுவிடுங்கள், மாதம் 140 சேரும், இலவசத் தாயின் ஐந்து நாள் சாமானுக்கு 100 போதும். மிச்சம் 40-ஐ அவளுக்கே ஒரு தட்டு முட்டையும் பிள்ளைக்குப் பெம்பர்ஸும் வாங்கிக்கொண்டு போங்கள். டின் காலியானால் அந்த மாதம் அவ்வளவுதான்.

காசு கேட்க வாய் வராது என்பது எனக்கும் இருந்தது. ஆஸ்பத்திரியில் 14 வருஷம் மிஸ்ஸியாக இருந்தவள், அங்கே யாரிடமும் காசு கேட்கும் வேலையே கிடையாது. வேலையை விட்டுவிட்டுப் பீடோரில் இதை ஆரம்பித்த முதல் வருஷம், துண்டை மடித்துப் பையில் வைத்து, எண்ணெய்ப் போத்தலைத் துடைத்து, பிள்ளையை இன்னொரு தடவை கொஞ்சி, அவர்களே எடுத்துத் தரமாட்டார்களா என்று கதவோரம் கால் மாற்றி நிற்பேன். வாயைப் பழக்கி மாளாது என்று தெரிந்ததும் வாய் திறக்க வேண்டாதபடி ஏற்பாடு செய்துகொண்டேன். தமிழிலும் மலாயிலும் விலை அச்சடித்த ஒரு அட்டை, அதன் பின்னால் போனிலேயே பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆர். வயிற்றுப் பிள்ளைக்காரி முதல் தடவை போன் பண்ணும்போதே அட்டையின் படத்தை அனுப்பிவிடுவேன். பாதிப் பணம் முன்னாலேயே, மீதி முதல் நாள் குளியல் முடிந்ததும். அந்தப் பணத்துக்குத் தனி பேங்க் கணக்கு திறங்கள். மளிகைக் காசும் எண்ணெய்க் காசும் ஒரே பர்ஸில் கிடந்தால் மாதக் கடைசியில் பிரம்மாவாலும் பிரிக்க முடியாது.

இன்னொரு விஷயம், இதில்தான் நான் அடிபட்டேன். பிரசவம் நாள் குறித்தபடி நடக்காது. டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னேயும் வரும், பின்னேயும் வரும். இதை வார்டில் ஆயிரம் தடவை பார்த்த நானே, மூன்று வேறு வேறு வாரத்துக்கு மூன்று பேரிடம் சரி சொன்னேன், மூன்று பேரும் ஒரே வாரத்தில் பெற்றுவிட்டார்கள். கம்பார், தாப்பா, பீடோர் என்று ஒரே நாளில் மூன்று வீடு. அந்த வாரம்தான் என் சின்ன மகளுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன், இரண்டாம் நாளும் போனேன், சாதாரணக் காய்ச்சல் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு. மூன்றாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால் டெங்கி. பிழைத்துவிட்டாள், இப்போது ஐந்தாம் படிவம் படிக்கிறாள். ஆனால் ஊரார் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த மிஸ்ஸி, தன் பிள்ளையின் காய்ச்சலுக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு இரண்டு தேதிக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. மூன்றாவது ஆளுக்கு இல்லை என்று சொல்வேன், முன்பணமும் வாங்கமாட்டேன்.

உங்கள் மகனுக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. காலை மட்டும் போங்கள். பள்ளிக்கு அவனை விட்டுவிட்டு ஏழரைக்குக் கிளம்பினால் ஒரு தாயைப் பார்த்துவிட்டு, பள்ளி விடும்போது வாசலில் நிற்கலாம். சாயங்காலம், ராத்திரி என்று கேட்பவர்களுக்கு முடியாது என்று சொல்லுங்கள், ஞாயிறு யாருக்கும் கிடையாது. போக அரை மணிக்கு மேல் எடுக்கும் இடம் வேண்டாம், அந்த இலவசத் தாய் ஒருத்தியைத் தவிர. வீட்டுக்காரர் காலை ஷிப்ட் இல்லாத வாரத்தில் பையனைப் பள்ளிக்கு விடுவது அவர் பொறுப்பு. உதவி என்ற பேச்சு வேண்டாம், ஷிப்ட் அட்டவணைக்குப் பக்கத்தில் அதையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். 52 வெள்ளிக் கணக்கையும் 1,000 வெள்ளிக் கணக்கையும் அவருக்கு அருகருகே காட்டுங்கள், ஆண்கள் இதற்கெல்லாம் மசிவார்கள்.

கடைவீடு வேண்டாம். கடன் பயத்தில் சொல்லவில்லை. உங்கள் வாடிக்கையாளர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை பெற்று பத்தியத்தில் இருப்பவள், நாற்பது நாள் வாசலைத் தாண்டமாட்டாள், தாண்டினால் அவள் அம்மா விடமாட்டார். அவளுக்காக டவுனில் வாடகை கொடுத்து ஏர்கோன் போட்டு யாருக்காகக் காத்திருப்பீர்கள்? அப்புறம் அந்த இடத்துக்கு நகராண்மைக் கழகத்தின் லைசென்ஸ் வேண்டும், உடம்புப்பிடி நிலையம் என்றாலே அவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு சின்ன அனுபவம் சொல்கிறேன். ஆரம்பத்தில் என் நம்பரோடு "மசாஜ்" என்று ஒரு அட்டை அடித்து மளிகைக் கடையில் ஒட்டினேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஆண்கள் போன் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் அட்டையைக் கிழித்துவிட்டு "பிரசவத் தாய் கவனிப்பு, பெண்களுக்கு மட்டும்" என்று மாற்றினேன். நீங்களும் அந்த ஒரு வார்த்தையை எங்கும் தனியாகப் போடாதீர்கள்.

கடன் வாங்கத்தான் வேண்டும் என்று ஒரு நாள் வந்தால், சிறுதொழில் கடன் கொடுக்கும் டெக்குன் நேஷனலில் இந்தியர்களுக்கு ஸ்பூமி என்ற திட்டம் இருக்கிறது. அமானா இக்தியாரில் பெண்களுக்குக் குழுவாகச் சேர்த்துச் சின்னச் சின்னக் கடன் கொடுத்து வாராவாரம் வசூலிப்பார்கள், 1987-இலிருந்து அப்படித்தான் நடத்துகிறார்கள். இப்போது உங்களுக்குத் தேவையானது நல்ல துண்டுகள், ஒரு மடக்கு மெத்தை, பெரிய அவிக்கும் பானை, மழைச் சட்டை. இதற்கு 20,000 எதற்கு? கூட்டு, அதாவது சீட்டு, கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பீர்கள், அதில் இறங்காதீர்கள். நம்முடைய வார்த்தைதான் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது, 1971-ஆம் ஆண்டுக் கூட்டுத் தடைச் சட்டம். பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

லேகியம், தைலம். இதற்குக் கறாராகவே பதில் சொல்கிறேன், வேண்டாம். வீட்டு அடுப்பில் கிண்டியதைப் போத்தலில் போட்டு மருந்து என்று விற்க முடியாது. பாரம்பரிய மருந்து என்றால் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டில் பதிவு வேண்டும், போத்தலில் எம்ஏஎல் என்று தொடங்கி டி எழுத்தில் முடியும் எண் இருக்கும். உடம்பில் பூசும் அழகுப் பொருளுக்கும் முன்கூட்டியே அறிவிப்பு எண் வாங்க வேண்டும். அதோடு, இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, புற்றுநோய் போன்றவற்றைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதே 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம், டிக்டாக்கில் ஒரு நிமிடம் பேசினாலும் விளம்பரம்தான். நாட்டு மருந்து என்று விற்றதில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டது எத்தனை தடவை செய்தியில் வந்துவிட்டது, அந்தக் கெட்ட பெயரின் நிழல் உங்கள் சுக்குத் திப்பிலி மேலும் விழும். உங்கள் கையைத்தான் விற்கிறீர்கள். அதைப் போத்தலில் அடைக்க முடியாது, அதனால்தான் அதற்கு 120 வெள்ளி.

அந்தக் கை எங்கே போகக்கூடாது என்பதையும் மிஸ்ஸியாகச் சொல்லிவிடுகிறேன், மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள். வேலை ஆரம்பித்து இரண்டாம் வருஷம், ஒரு தாய், பெற்று ஒன்பதாம் நாள், "அக்கா, இந்தக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு, கொஞ்சம் அழுத்தித் தேய்ங்க" என்றாள். எண்ணெய் ஊற்றிய கை, தேய்க்கவும் குனிந்துவிட்டேன். இரண்டு காலையும் நீட்டச் சொன்னது பழைய வார்டுப் பழக்கத்தில்தான். இடது கால் வலது காலைவிடப் பருத்திருந்தது, தொட்டால் சூடு. அப்படியே கையைத் துடைத்துவிட்டு அவள் வீட்டுக்காரரை எழுப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், காலில் ரத்தக் கட்டி. தேய்த்திருந்தால் அது நகர்ந்து நெஞ்சுக்குப் போயிருக்கலாம். பிள்ளை பெற்ற பிறகு சில வாரம் ரத்தம் உறைகிற சுபாவம் கூடுதலாக இருக்கும். அதனால் தினமும் எண்ணெய் ஊற்றுவதற்கு முன் இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காய்ச்சல், நாற்றம் உள்ள ரத்தப்போக்கு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைவது, தலைவலியோடு கண் மங்குவது, இதில் எது இருந்தாலும் அன்று குளியல் கிடையாது, ஆஸ்பத்திரி. வெட்டி எடுத்த பிரசவம் என்றால் டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வயிற்றில் தேய்ப்பதும் இல்லை, கட்டுவதும் இல்லை. சிலர் குளிக்கும்போது காரணமே இல்லாமல் அழுவார்கள். ஓரிரு நாள் என்றால் பரவாயில்லை. இரண்டு வாரம் ஆகியும் அழுதால், பிள்ளையைக் கையில் வாங்க மாட்டேன் என்றால், வீட்டில் உள்ளவர்கள் பேய் பிசாசு என்று ஆரம்பிப்பதற்கு முன் கிளினிக் மிஸ்ஸியிடம் சொல்லிவிட வேண்டும்.

குழந்தைக்கு மூக்கில், காதில் எண்ணெய் விடுவது வேண்டாம். அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். வாயால் ஊதிச் சளி எடுப்பதும் வேண்டாம், சாம்பிராணிப் புகையும் வேண்டாம். உரைமருந்தில்தான் மாமியாரோடு உங்களுக்கு நெருக்கடி வரும், என் அம்மாவோடு எனக்கு வந்தது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பதில் நான் இறங்கி வரவில்லை, உரைகல்லைக் கழுவி மேலே எடுத்து வைத்துவிட்டேன், அம்மா என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை.

இந்தக் கைவேலைக்குப் படிப்பும் இருக்கிறது, இதை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். 2007-இல் கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியில் அரசாங்கமே பாரம்பரிய மருத்துவப் பிரிவு திறந்தது. பாரம்பரிய, துணை மருத்துவத்துக்கு 2016-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது, அதில் இந்திய மருத்துவத்துக்கும் இடம் இருக்கிறது. சுகாதார அமைச்சில் அதற்கென்று தனிப் பிரிவு உண்டு. உங்கள் வேலைக்கு என்ன பயிற்சி, என்ன பதிவு வேண்டும் என்று ஒரு நாள் போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள், அவர்கள் வாயால் கேட்பதுதான் சரி.

உங்கள் கட்டைவிரலையும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வலது கட்டைவிரல் மூட்டு போய்விட்டது, இப்போது ஜாடி மூடியைக்கூட மகள்தான் திறக்கிறாள். முழங்கைக்குக் கீழ்ப்பகுதியால் தேய்க்கப் பழகுங்கள், ஒரு நாளில் ஒரு தாய் போதும். 1,000 வெள்ளி வர ஆரம்பித்ததும் இரண்டு இடத்தில் காசு போடுங்கள். ஒன்று சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் இல்லத்தரசிகள் திட்டம், வருஷத்துக்கு 120 வெள்ளிதான், வீட்டு வேலையில் விழுந்து அடிபட்டால்கூட உதவும். இன்னொன்று ஈபிஎஃப் சேமநிதியில் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான ஐ-சாரான். நீங்கள் போடுவதற்கு மேல் 2025 முதல் நூற்றுக்கு 20 என்று வருஷத்துக்கு 500 வெள்ளிவரை அரசாங்கம் போடுகிறது. வருஷம் 2,500 போட்டால் அந்த 500-ம் முழுதாக வரும்.

கடைசியாகப் பெயர். தொழிலைக் கம்பெனிகள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிந்துவிடுங்கள், தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டியது, நீங்கள் 14 மாதம் ஓட்டிவிட்டீர்கள், இனியும் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள பெயரிலேயே நடத்தினால் வருஷத்துக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60. வெல்னஸ், ஹெர்பல், ஹோலிஸ்டிக் என்று எதையும் ஒட்ட வேண்டாம். உங்கள் தோட்டத்தில் மாமியாரை எல்லோரும் எப்படிக் கூப்பிட்டார்கள்? அந்தப் பெயருக்கு நான் 60 வெள்ளி கட்டுவேன். அவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். மாட்டேன் என்பார், முதல் மாத ஆயா சம்பளத்தைக் கையில் கொடுக்கும் அன்று இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.